முன்தேதியிட்ட காவல்காரர்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் சுக்கு மூட்டை ஏற்றிவரும் லாரிக்கு வழிவிட்டு ஒதுங்கினால் முதுகு எந்தச் சுவரில் உரசுகிறதோ, அந்தச் சுவருக்குள்தான் மிளகு மரபு அருங்காட்சியகம் இருக்கிறது. முன்பு அது மிளகுக் கிடங்கு. அப்போது உள்ளே மிளகு இருந்தது, வெளியே காவல் கிடையாது. இப்போது உள்ளே மரபு இருக்கிறது. அதற்கு ஒரு டைரக்டர், ஒரு குமாஸ்தா, பதினான்கு வகைப் பதிவேடுகள், ஒரு காவல்காரர்.

அந்தக் காவல்காரர்தான் அலாவுதீன். பத்தொன்பது வருஷமாகத் தினக்கூலி. நூற்று எழுபத்தொன்பது நாள் வேலை, நூற்று எண்பதாம் நாள் இடைவெளி, அதற்கு மறுநாள் புதிதாகப் பிறந்தவரைப் போல மறுபடி நியமனம். நூற்று எண்பது நாள் ஒரே மூச்சாக வேலை பார்த்தவன் நிரந்தரம் கேட்டுவிடுவான் என்று எந்தக் காலத்திலோ ஒரு மேலதிகாரி பயந்திருக்கிறார். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பயம் மட்டும் சட்டமாக நின்றுவிட்டது. இடைவெளி நாளில் அலாவுதீன் அந்தக் கட்டடத்துக்கு அந்நியர். உள்ளே கால் வைத்தால் அத்துமீறல். இப்படி முப்பத்தெட்டு முறை அந்நியராகி, முப்பத்தெட்டு முறை திரும்ப உறவாகியிருக்கிறார்.

நிரந்தரம் அவருக்கு எதற்கு என்றால், கௌரவத்துக்கு அல்ல, கார்டுக்கு. அவர் மனைவி மெஹருன்னிசாவுக்கு இரண்டு சிறுநீரகமும் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்துபோய் மூன்று வருஷம். வாரம் இரண்டு முறை டயாலிஸிஸ். போட்டில் ஏறி எறணாகுளம் இறங்கி, பஸ் பிடித்து, கலூரைத் தாண்டி இருக்கும் ஒரு ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கி உட்கார வேண்டும். ரத்தம் சுத்தமாகி வெளியே வரும்போது அவளால் நிற்க முடியாது. அதே பஸ், அதே போட். அலாவுதீனின் இடைவெளி நாள் வந்தால் மட்டும் அவர் கூடப் போவார், மற்றபடி அவள் தனியாகத்தான். நிரந்தர ஊழியரின் மனைவி என்று ஒரு மஞ்சள் கார்டு இருந்தால் போதும், தோப்பும்படியில் ஆட்டோவில் பத்து நிமிஷத்தில் ஒரு ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே ஏசி கூட உண்டு. பத்தொன்பது வருஷமாக அவர் எழுதிக்கொடுத்த விண்ணப்பங்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் வந்தது: பரிசீலனையில் உள்ளது.

அந்த வியாழக்கிழமை பரிசீலனை முடிந்தது.

குமாஸ்தா ராசப்பன் ஆணையை நீட்டினான். அலாவுதீன் மூன்று முறை படித்தார். அலாவுதீன் ராவுத்தர் என்னும் நபர் நிரந்தரக் காவலராக நியமிக்கப்படுகிறார் என்று எழுதி, டைரக்டர் கையொப்பம், வட்ட முத்திரை எல்லாம் இருந்தன. அவர் எதிர்க் கடைக்குப் போய் ஒரு பெட்டி லட்டு வாங்கி வந்தார். ராசப்பன் இரண்டு எடுத்துக்கொண்டான். டைரக்டர் வைத்தீஸ்வரன் ஒன்றைப் பாதியாகப் பிட்டு, மீதிப் பாதியைக் கோப்பின் மேல் வைத்துவிட்டு, இரண்டாவது காகிதத்தை எடுத்தார். அது குற்றச்சாட்டு மெமோ. கடந்த திங்கட்கிழமை காட்சிக்கூடத்திலிருந்து தங்க மிளகுக் கொத்து திருடப்பட்டபோது பணியில் கவனக்குறைவாக இருந்ததற்காக மேற்படி நிரந்தரக் காவலரை ஏன் வேலையை விட்டு நீக்கிப் போலீசில் ஒப்படைக்கக் கூடாது என்று அதில் கேட்டிருந்தது.

தங்க மிளகுக் கொத்து என்பது அந்த அருங்காட்சியகத்தின் உயிர். ஒரு ஜாண் நீளம், நூற்றெட்டு மணிகள். யாரோ ஒரு வியாபாரி எந்த ராஜாவுக்கோ கொடுத்தது என்று கண்ணாடிப் பெட்டியின் கீழே எழுதியிருக்கும். திங்களன்று காட்சிக்கூடத்துக்கு விடுமுறை. செவ்வாய் காலையில் திறந்தபோது பெட்டி காலி. புதன்கிழமை டெல்லியிலிருந்து வந்த சரிபார்ப்புக் குழு, கொத்தை நிறுக்கக் கொண்டுவந்த தராசைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனது.

அலாவுதீன், திங்கட்கிழமை தனக்கு நூற்று எண்பதாம் நாள் என்றும், மெஹருவோடு ஆஸ்பத்திரியில் இருந்தேன் என்றும், டோக்கன் சீட்டு கூட வீட்டில் இருக்கிறது என்றும் மெல்லச் சொன்னார்.

வைத்தீஸ்வரன் பாலக்காட்டுக்காரர், முப்பத்து மூன்று வருஷ சர்வீஸ், கோபம் என்பதே வராத நல்ல மனிதர்.

"அதாக்கும் பிரச்சினையே, ஓய்," என்றார். "காவலர் இல்லாத நாளிலே திருட்டு நடந்தா பொறுப்பு டைரக்டருக்குன்னு விதி இருக்கு. விதியை நான் எழுதலை. திருட்டு நடந்தாச்சு. டைரக்டர் மேலே குத்தம் வந்தா டிபார்ட்மெண்ட் மேலேயே குத்தம் வந்த மாதிரி. டிபார்ட்மெண்ட்னா என்ன? மரபு. மரபு மேலே கறை படலாமோ? அதனாலே திங்கட்கிழமை முதல் அமல்னு முன்தேதியிட்டு உம்மை நிரந்தரம் பண்ணியிருக்கேன். பத்தொன்பது வருஷமா எந்த டைரக்டராவது இதைச் செஞ்சானா? சொல்லும்."

யாரும் செய்யவில்லை என்று அலாவுதீன் ஒப்புக்கொண்டார்.

பணியில் சேர்ந்ததற்குக் கையெழுத்துப் போடவேண்டும் என்று ராசப்பன் வருகைப் பதிவேட்டைத் திருப்பித் திங்கட்கிழமைப் பக்கத்தை எடுத்துவைத்தான். முற்பகல் பத்து மணி என்று ஏற்கெனவே எழுதியிருந்தது. அவரை அண்ணன் முறையில் இக்கா என்றே அழைப்பவன், பேனாவைக் கொடுக்கும்போது குரலைத் தாழ்த்தினான்.

"இக்கா, ஒரு காரியம் சொல்லாம். முன்தேதிக் கையெழுத்துப் போட்டா சிலருக்குத் தலை சுத்தும். கெட்டியா மேசையைப் பிடிச்சுக்கோங்க."

இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. அரசாங்க ஆணை எந்தத் தேதியிலிருந்து அமல் என்று சொல்கிறதோ அந்தத் தேதியிலிருந்து அமலாகத்தான் வேண்டும். சூரியன் ஒத்துழைக்கிறதா என்று எந்த ஆணையிலும் கேட்பதில்லை. அருங்காட்சியகத்தை நடத்தும் இயக்ககத்தில் இது முன்பும் நடந்திருக்கிறது. ஒரு தலைமைக் குமாஸ்தாவுக்கு எண்பத்தேழாம் வருஷத்திலிருந்து பதவி உயர்வு வந்தது. மனிதர் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வந்தார், தலைமுடி மட்டும் கறுப்பாக. இன்னொருவர் ஓய்வை முன்தேதியிட்டதில் தான் வேலைக்கே சேராத ஒரு வருஷத்தில் போய் மாட்டிக்கொண்டார். இன்றுவரை கோப்பு நிலுவையில் இருக்கிறது, அவரும்.

அலாவுதீன் மேசையைப் பிடிக்க மறந்துவிட்டார். கையெழுத்தின் கடைசிக் கோட்டை இழுத்துப் பேனாவை எடுத்தபோது எதிரே ராசப்பன் இல்லை, லட்டு இல்லை. சுவர்க் கடிகாரம் பத்து. நாட்காட்டியில் திங்கள். கதவுகள் வெளியே பூட்டியிருந்தன. வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது, போன திங்கட்கிழமையின் ஹாரன்.

அவர் காட்சிக்கூடத்துக்கு ஓடிப் பார்த்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் கொத்து பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

அலாவுதீன் படிக்காதவர் அல்ல. தமிழ் பேசுவார், மலையாளம் எழுதுவார், கணக்கில் கெட்டி. நின்ற இடத்திலேயே கணக்குப் போட்டார். திருட்டு இன்னும் நடக்கவில்லை. ஆணை சட்டைப்பையில் இருக்கிறது. திருட்டைத் தடுத்துவிட்டால் மெமோ இல்லை, போலீஸ் இல்லை, ஆணை மட்டும் மிச்சம். ஆணை என்றால் கார்டு. கணக்கில் ஒரு பிழையும் அவருக்குத் தெரியவில்லை. இந்தக் கதையை எழுதுகிறவனுக்குக் கூட முதலில் தெரியவில்லை.

மெஹருவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஃபோன் போட்டார்.

"யாரு?" என்றாள்.

"நான்தான் மெஹரு."

"யாருடா நீ? எங்க ஊட்டுக்காரரு நம்பர்லேருந்து பேசுறே? அவரு இந்தா என் பக்கத்துலே வடை தின்னுக்கிட்டு உக்காந்திருக்காரு, ஃபோனு அவரு மடியிலே கிடக்குது."

பின்னணியில் ஒருவர் இருமுவது கேட்டது. தன் இருமலை வெளியிலிருந்து கேட்பது அலாவுதீனுக்கு அதுதான் முதல் முறை. நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கவேண்டிய இருமல் என்று தோன்றியது.

"டோக்கன் எத்தனை?"

"நாப்பத்தொண்ணு. அது உனக்கு எதுக்குடா, கள்ளப்பயலே?" என்று வைத்துவிட்டாள்.

அவருக்கு நிம்மதியாக இருந்தது. இன்றைக்காவது அவள் தனியாக இல்லை.

பதினொன்றரைக்குப் பெரிய கதவில் சாவி திரும்பும் ஓசை கேட்டது. உடைக்கிற ஓசையல்ல, திறக்கிற ஓசை. ஒளிந்துகொள்ள இடமில்லை. காட்சிக்கூடத்தின் நடுவில், பழைய காலத்து மிளகு வியாபாரத்தைக் காட்டும் பிளாஸ்டர் பொம்மைகள் நின்றன: தராசு பிடிக்கும் ஒரு சேட்டு, தொப்பி போட்ட ஒரு டச்சுக்காரன், மூட்டை தூக்கும் நாலு கூலிகள். அலாவுதீன் கிடந்த சாக்கு மூட்டை ஒன்றைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஐந்தாவது கூலியாக நின்றார்.

உள்ளே வந்தவர்கள் வைத்தீஸ்வரனும் ராசப்பனும். ராசப்பன் கையில் ஒரு சுத்தியலும் துணிப்பையும். வைத்தீஸ்வரன் கையில் குடை.

டைரக்டர் பொம்மைகளின் வரிசையைக் கடந்துபோகும்போது அலாவுதீன் முன்னால் நின்றார். கண்ணாடியை ஏற்றிவிட்டு முகத்தை உற்றுப் பார்த்தார். அலாவுதீன் மூச்சை நிறுத்தினார்.

"ராசப்பா, இந்தக் கூலி மூஞ்சியை யார் செஞ்சது? கொஞ்சம் கூடத் தத்ரூபமா இல்லையே. ஒரு தொழிலாளியோட களைப்பு எங்கே இருக்கு இதிலே? அடுத்த பட்ஜெட்டிலே மாத்தணும்."

ராசப்பன் குறித்துக்கொண்டான்.

அவர்கள் பேசிக்கொண்டதிலிருந்து மூட்டைக்கடியில் நின்றவருக்கு விஷயம் முழுவதும் விளங்கியது. கொத்து பித்தளை. தங்கக் கொத்து எப்போதோ போய்விட்டது. எந்த டைரக்டர் காலத்தில் என்று கேட்டால் ஒவ்வொருவரும் தனக்கு முந்தையவரின் படத்தைக் காட்டுவார், சுவரில் பதினொரு படங்கள் இருக்கின்றன. புதன்கிழமை டெல்லித் தராசில் ஏறினால் எடை காட்டிக்கொடுத்துவிடும். தங்கம் இல்லை என்று சொல்ல இயக்ககத்துக்கு வழியில்லை. தங்கம் திருடு போயிற்று என்று சொல்ல வழியிருக்கிறது, அதற்குத் தனிப் படிவமே உண்டு. காவலரின் இடைவெளி நாளும் விடுமுறையும் ஒன்றாக வருவது இந்தத் திங்கள்தான். எல்லாம் பார்த்து வைத்த முகூர்த்தம்.

சுத்தியலால் பெட்டியை உடைக்கப் போன ராசப்பனை டைரக்டர் தடுத்தார். அரசாங்கக் கண்ணாடி. அவர் சாவியால் திறந்து, கொத்தை எடுத்து மேசைமேல் வைத்து, பையில் போடப் போனவர் நின்றுவிட்டார்.

"கேட் பாஸ் எங்கே?"

ராசப்பன் விழித்தான். "சாரே, நாம திருடுறோமில்லே?"

"அதுக்கு?"

"திருடுறதுக்குப் பாஸ் வேண்டாமே சார்."

"ராசப்பா," என்றார் வைத்தீஸ்வரன், ஒரு தகப்பனின் பொறுமையோடு. "இப்படித்தான் ஒழுங்கீனம் ஆரம்பிக்கிறது. முப்பத்து மூணு வருஷத்திலே ஒரு குண்டூசியைக் கூட நான் பாஸ் இல்லாம வெளியே கொண்டுபோனதில்லை. கொண்டுபோனதெல்லாம் பாஸோடதான். மூணு பிரதி எடு."

அதைப் பெருமைக்காக அவர் சொல்லவில்லை. பாஸ் இல்லாமல் அந்த வாசலைத் தாண்டச் சொன்னால் அவர் கால் உண்மையிலேயே நகராது. சில பேருக்குப் பூனை குறுக்கே போனால் நகராதல்லவா, அதுபோல.

இரண்டு பேரும் அலுவலக அறைக்குள் போனார்கள். 'நோக்கம்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தகராறு வந்தது. திருட்டு என்று எழுதமுடியாது. கண்காட்சிக்கு என்று எழுதினால் திரும்பும் தேதி போடவேண்டும். பழுதுபார்க்க என்றால் பழுதுச் சான்றிதழ் இணைக்கவேண்டும். முக்கால் மணி நேரம் இந்த விவாதம் நடந்தது. அந்த நேரத்தில் அலாவுதீன் மூட்டையை இறக்கிவைத்தார், கொத்தை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார், போலீஸ் ஸ்டேஷனுக்கு ஃபோன் செய்து அருங்காட்சியகத்தில் திருட்டு நடந்துகொண்டிருக்கிறது என்றார். முடிந்த திருட்டா, நடந்துகொண்டிருக்கிற திருட்டா என்று அங்கே திரும்பக் கேட்டார்கள். நடந்துகொண்டிருப்பது என்றால் புதிய ஆப்பில் பதிய வேண்டுமாம். கடைசியில் எஸ்.ஐ. வருவார் என்றார்கள்.

'அலுவல் நிமித்தம்' என்று எழுதி முடித்துக்கொண்டு டைரக்டர் வெளியே வந்தார். ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தது: பணியிலிருக்கும் காவலரின் கையொப்பம்.

"இன்னிக்குக் காவலர் இல்லையே," என்று அவர் முதல்முறையாகக் கலங்கினார்.

"நான் இருக்கேன் சார்," என்றார் அலாவுதீன்.

ராசப்பன் சுத்தியலைத் தன் காலிலேயே போட்டுக்கொண்டான். டைரக்டர் பயப்படவில்லை. பயத்துக்கு முன் அவருக்கு ஆவணம் வேண்டும். எந்த அதிகாரத்தில் இங்கே நிற்கிறாய் என்று கேட்டார். அலாவுதீன் ஆணையை எடுத்துக் கொடுத்தார். வரப்போகிற வியாழக்கிழமை தான் போடப்போகிற கையெழுத்தை வைத்தீஸ்வரன் நெடுநேரம் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு கலைஞனின் திருப்தி பரவியது.

"என்ன அழகான ட்ராஃப்ட். நானா எழுதியிருக்கேன்? அப்போ எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருக்கு. உம்ம தலையிலே போட்டாச்சு போலிருக்கு. ரொம்பச் சரி. ஓய், நீர் நிரந்தரக் காவலர். இந்தாரும், இங்கே கையெழுத்துப் போடும்."

"போடமாட்டேன் சார்."

பத்தொன்பது வருஷத்தில் அலாவுதீன் அந்தக் கட்டடத்துக்குள் மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு, தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று பார்ப்பவர்போல ஒரு முறை உதட்டைத் தொட்டுக்கொண்டார்.

ராசப்பன் இடைபுகுந்தான். "இக்கா, ஒரு ஒப்புதானே. நமக்கு எதுக்கு வம்பு? பித்தளை போனா உங்க மொதலு போகுமா?"

"பித்தளையோ தங்கமோ, என் டூட்டியிலே போகாது. நான் பெர்மனெண்ட், ராசப்பா."

அவ்வளவுதான், திருட்டு நின்றுவிட்டது. துப்பாக்கி வெடிக்கவில்லை, யாரும் ஓடவில்லை. காவலர் கையொப்பம் இல்லாத பாஸ் செல்லாது. டைரக்டர் வாசல்வரை போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார், படிக்கட்டைப் பார்த்தார், திரும்பி வந்து டச்சுக்காரன் பொம்மையின் பீடத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"முடிஞ்சது. இனிமே திருடமுடியாது," என்றார். பிறகு கையிலிருந்த ஆணையை ஏதோ தட்டுப்பட்டதுபோலப் பார்த்தார். அலாவுதீனும் பார்த்தார்.

எழுத்துகள் வெளுத்துக்கொண்டிருந்தன. முதலில் தேதி போயிற்று. பிறகு முத்திரை, பௌர்ணமி தேய்வதுபோல ஓரத்திலிருந்து. 'நிரந்தர' என்ற சொல் கொஞ்ச நேரம் தனியாகப் பிடித்துக்கொண்டு நின்றது, அப்புறம் அதுவும் போயிற்று. வெறும் காகிதம். விலை உயர்ந்த காகிதம்தான், அரசாங்கத்தின் தண்ணீர்க்குறி கூட இருந்தது.

வைத்தீஸ்வரன் அவருக்காக உண்மையிலேயே வருத்தப்பட்டார். நல்ல மனிதர் என்று முன்பே சொன்னேன்.

"இதை நீர் முன்னாலேயே யோசிச்சிருக்கணும், ஓய். உம்மை நான் எதுக்கு நிரந்தரம் பண்ணினேன்? திருட்டு நடந்ததாலே. திருட்டே நடக்கலைன்னா உம்மை நிரந்தரம் பண்ண எனக்கென்ன பைத்தியமா? நல்லா வேலை பாக்கிறவனையெல்லாம் நிரந்தரம் பண்ணினா கஜானா தாங்குமோ? தப்புப் பண்ணினாத்தான் ஒருத்தன் டிபார்ட்மெண்டோட கண்ணிலே படறான். நீர் தப்பே பண்ணலை. அதாக்கும் உம்ம தப்பு."

வாசலில் ஜீப் நின்றது. எஸ்.ஐ. ஷமீர் இளைஞர், அன்றைக்குப் பிடிபட்டவர் யாராக இருந்தாலும் சரி என்கிற மாதிரிப் பார்த்தார். மூன்று பேரில் பித்தளைக் கொத்தை அணைத்துக்கொண்டு நின்றவர் ஒருவர்தான். நீ யார் என்று அவரைத்தான் கேட்டார்.

"வாட்ச்மேன் சார். அலாவுதீன். ராசப்பனைக் கேளுங்க, இவனோட பத்தொம்பது வருஷம் சாயா குடிச்சிருக்கேன்."

எஸ்.ஐ. ராசப்பனைப் பார்த்தார். ராசப்பன் டைரக்டரைப் பார்த்தான். டைரக்டர் குடையைப் பார்த்தார்.

"இக்கா மாதிரித்தான் இருக்கு சார்," என்றான் ராசப்பன், தரையைப் பார்த்து. "ஆனா இக்காவுக்கு இன்னைக்கு பிரேக்."

எஸ்.ஐ. முறைப்படி விசாரித்தார். பதிவேட்டிலிருந்த அலாவுதீனின் எண்ணுக்குப் போட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து அலாவுதீன் எடுத்தார். ஆமாம் சார், நான்தான் சார், டோக்கன் நாற்பத்தொன்று சார், இன்றைக்கு எனக்கு இடைவெளி, மியூசியம் பக்கம் நான் தலைவைத்துக் கூடப் படுக்கவில்லை சார் என்று பதறினார். எங்கே தன்னை அத்துமீறியவன் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். பக்கத்தில் நின்று அதைக் கேட்ட அலாவுதீனுக்கு அந்தப் பயம் அணு அணுவாகப் புரிந்தது.

வைத்தீஸ்வரனுக்கு அப்போதுதான் வெளிச்சம் வந்தது. எழுந்து நின்று பேசினார். விடுமுறை நாளில் நிலுவைக் கோப்புகளைப் பார்க்க வந்த இரண்டு பொறுப்புள்ள ஊழியர்கள், காட்சிக்கூடத்தில் ஒரு அந்நியனைக் கண்டார்கள். அவன் கையிலிருப்பது பித்தளை. அப்படியானால் பெட்டியிலிருந்த தங்கம் எங்கே? மாற்றிவிட்டான். இன்றைக்கு மட்டுமல்ல, பல காலமாக இவன் மாற்றிக்கொண்டே இருந்திருக்க வேண்டும். எந்த டைரக்டர் காலத்திலிருந்து என்பதை விசாரணைதான் சொல்லவேண்டும். பேசப் பேச, சுவரிலிருந்த பதினொரு படங்களும் ஒவ்வொன்றாகப் பரிசுத்தமாயின.

புதன்கிழமை டெல்லித் தராசில் கொத்து ஏறியது. எடை குறைந்தது. காரணம் தயாராக இருந்தது. திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த டைரக்டருக்குப் பாராட்டுப் பத்திரம் வந்தது. ராசப்பனுக்கு அதன் நகல்.

வழக்கு நாலு மாதம் கழித்து விசாரணைக்கு வந்தது. அரசு வக்கீலுக்கு ஒரே ஒரு சிக்கல். பிடிபட்டவர் தன் பெயர் அலாவுதீன், தொழில் காவல் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கைரேகையும் அதையே சொல்லித் தொலைத்தது. இந்த ஆள் அலாவுதீன் அல்ல, இவனை நான் அறியேன் என்று அசல் அலாவுதீன் கூண்டேறிச் சொல்லவேண்டும். ஆனால் தினக்கூலிக்காரனின் சாட்சிக்கு எடை போதாது, நிரந்தர ஊழியரின் சாட்சியாக இருந்தால் நல்லது என்று வக்கீல் கடிதம் எழுதினார். இயக்ககம் பத்தொன்பது வருஷமாகப் பரிசீலித்த விண்ணப்பத்தை ஒரே பிற்பகலில் தீர்த்தது. ஆணை, கார்டு இரண்டும் விசாரணைக்கு முந்தின வெள்ளிக்கிழமை கிடைத்தன. இந்த முறை முன்தேதி போடவில்லை. வைத்தீஸ்வரன் ஒரு பாடத்தை இரண்டு முறை படிக்கிறவர் அல்ல.

கோர்ட்டில் இருவரும் எதிரெதிர்க் கூண்டில் நின்றார்கள். ஒரே உயரம், ஒரே காது, ஒரே கூன். ஒருவர் நீல யூனிஃபார்மில், ஒருவர் நாலு மாதத் தாடியில். மாஜிஸ்திரேட் அம்மாள் பார்த்தார், வக்கீல்கள் பார்த்தார்கள், டைரக்டர் பார்த்தார். ஒருவருக்கும் எதுவும் தோன்றவில்லை. காவல்காரனின் முகம் எப்படியிருக்கும் என்று முன்பு ஒரு தடவையாவது பார்த்திருந்தால்தானே இப்போது ஒப்பிட முடியும்.

சாட்சிக்கு மட்டும் தோன்றியது. எதிரே நின்றவரைக் கண்டதும் அவர் கை கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டது. எதிர்க் கூண்டில் நிற்கும் எதிரியைத் தெரியுமா என்று வக்கீல் கேட்டார். இரண்டாம் முறை கேட்டார். சாட்சியின் உதடு நடுங்கியது. அந்த நடுக்கம் எங்கே போய் முடியும் என்று குற்றவாளிக் கூண்டில் நின்றவருக்கு நன்றாகத் தெரியும். தனக்குப் பொய் வராது. வராத பொய்யால் கார்டு போகும். அவர் யாரும் அறியாதபடி, மூட்டைக்கடியில் நிற்பவனைப்போல ஆடாமல் நின்று, கண்ணை மட்டும் ஒரு முறை மூடித் திறந்தார். சொல் என்று அதற்கு அர்த்தம். அந்தக் கண்ணைப் புரிந்துகொள்ள உலகத்தில் ஒரே ஒரு ஆளால்தான் முடியும்.

"தெரியாது சார்," என்றார் சாட்சி. "இவரை நான் பார்த்ததே இல்லை."

பத்தொன்பது வருஷத்தில் அவ்வளவு உரக்க அவர் எதையும் சொன்னதில்லை.

எதிரிக்கு வக்கீல் கிடையாது. சாட்சியிடம் கேட்க ஏதாவது இருக்கிறதா என்று மாஜிஸ்திரேட் கேட்டார். இருக்கிறது என்றார்.

"இன்னைக்குத் திங்கட்கிழமை. அவ எங்கே?"

அரசு வக்கீல் ஆட்சேபித்தார், கேள்வி வழக்குக்குச் சம்பந்தமில்லாதது என்று. மாஜிஸ்திரேட் அதை ஏற்று எழுதிக்கொள்ளும்போதே சாட்சி பதில் சொல்லிவிட்டார்.

"தோப்பும்படியிலே. ஆட்டோவிலே போனா. ஏசி ஜாஸ்தியா இருக்குன்னு இப்பத்தான் ஃபோன் பண்ணினா."

எதிரி தலையாட்டினார்.

"போர்வை கொண்டுபோகச் சொல்லுங்க," என்றார். "வேற கேள்வி இல்லை."